100 என்று காட்டும் பேட்டரி: சிறு விமான டிஸ்ப்ளேயின் பேக்கப்பைச் சோதித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடலை ஒட்டிய விர்ஜினியா விமான நிலையத்தில் ஒரு ஹேங்கர். சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஒரு மாமா, தன் கையாலேயே கட்டி முடித்த இரண்டு இருக்கை விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேனலில் வேகம், உயரம் எல்லாம் காட்டும் பத்து அங்குலத் திரை. விமானத்தின் மின்சாரம் போனால் அந்தத் திரையை ஓட்டுவது பேக்கப் பேட்டரி. அதற்கு நேராக 100 என்று பச்சையில் தெரிந்தது. "நூறு காட்டுதே தம்பி, இதுல இன்னும் என்ன பார்க்கணும்?" என்றார். விமானத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைத்தோம், திரையை பேக்கப்பிலேயே ஓடவிட்டு, ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பதினோராவது நிமிடம், எண் 74-இல் இருக்கும்போதே, திரை கறுத்துவிட்டது. அந்தப் பேட்டரி புதிதாக இருந்தபோது ஒரு மணி நேரம் தாங்கியது.

திரையில் தெரியும் சதவீதம் ஒரு கணிப்பு. பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்தோ, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தோ கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை, அதன் உண்மையான வேலையைக் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். அதை எப்படிச் செய்வது, குறைவாக வந்தால் எங்கே தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன்

எந்த விமானத்தில் யார் கை வைக்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். செஸ்னா, பைப்பர் போன்ற, மாடலுக்கே அரசு ஒப்புதல் தரும் வகைச் சான்றிதழ் பெற்ற விமானங்களில், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்தான் பேட்டரியைக் கழற்றவும் மாற்றவும் வேண்டும். அந்த விமானங்களில் பைலட்டின் வேலை, கையேட்டில் சொன்ன சோதனையைச் செய்து, பார்த்ததை எழுதிக்கொடுப்பது. வீட்டில் கட்டிய விமானங்களும் ஸ்லிங் போன்ற இலகுரக விமானங்களும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் வகைச் சான்றிதழ் இல்லாத பிரிவில் வரும். அங்கே அங்கீகாரம் பெற்ற தனிநபர் ஒருவர் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடுவார். நீங்களே அளந்து பார்ப்பதற்குத் தடை இல்லை, ஆனால் எதையாவது மாற்றினால் அவரிடம் காட்டாமல் பறக்காதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நல்ல மல்டிமீட்டர் ஒன்று. டிசி அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் ஒன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர் பல ஏசி மட்டுமே அளக்கும், அது இங்கே பயன்படாது, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். காரின் பிரேக் விளக்கில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், சோதனை லோடுக்கு இதைவிட எளிய பொருள் இல்லை. கூடவே கான்டாக்ட் கிளீனர், டார்ச், ஒரு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம். லித்தியம் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்வதானால், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்தப் பேட்டரி

சிறு விமானங்களில் மூன்று விதமான பேக்கப்பைப் பார்க்கலாம். ஒன்று, டிஸ்ப்ளே நிறுவனமே தரும் லித்தியம் அயன் பேக். டைனான் நிறுவனத்தின் ஸ்கைவியூ டிஸ்ப்ளேயின் பேட்டரி 32 வாட்-அவர் கொண்டது. அதன் பெரிய திரை 12 வோல்ட்டில் ஏறக்குறைய மூன்று ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ வரும். கார்மின் ஜி5-இன் பேட்டரி கருவியின் முதுகிலேயே திருகப்பட்டிருக்கும். அந்தத் திரை சிறியது, மிகக் குறைவாகவே இழுக்கும், அதனால் புதிய பேட்டரியில் நான்கு மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது.

இரண்டாவது, கார்மினின் ஜி1000 திரைகள் பொருத்திய செஸ்னா 172-இல் உள்ளதுபோல் மூடிய லெட்-ஆசிட் ஸ்டாண்ட்பை பேட்டரி. அது 24 வோல்ட், எசென்ஷியல் பஸ் எனப்படும் அவசியச் சுற்றைத் தாங்கும். பஸ் என்பது பல கருவிகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பொது இணைப்பு.

மூன்றாவது, பேனலுக்குப் பின்னால் தனிப் பெட்டியாக உட்கார்ந்து இரண்டு மூன்று கருவிகளுக்கு மின்சாரம் தருவது. கட்டியவரே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு போட்டு இணைத்த இரண்டாவது பேட்டரியும் இதில் அடங்கும். இந்த மூன்றாவது வகையில் வயரிங் படம் இல்லாமல் தொடங்க வேண்டாம். படம் இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் செலவழித்தாவது வயர்களைத் தடம் பிடித்து வரைந்துகொள்ளுங்கள். நான் அப்படி வரைந்த இரண்டு விமானங்களில், படம் முடியும்போதே கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

எந்த வகையானாலும் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பேக்கப் எதையெல்லாம் தாங்கும்? ஸ்கைவியூவின் பேட்டரி திரையையும் அதோடு சேர்ந்த சென்சார்களையும் ஓட்டும். ரேடியோவை ஓட்டாது. திரை ஒளிர்கிறது என்பதால் டவரோடு பேச முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் பிடித்துப் பேசும் ரேடியோ பையில் இருக்க வேண்டும், அதுவும் சார்ஜோடு.

இரண்டாம் படி: இது கோளாறுதானா

"பேட்டரி போச்சு" என்று என்னிடம் வருபவற்றில் ஒரு பகுதியில் பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தரையில் மாஸ்டரை அணைத்ததும் பல டிஸ்ப்ளேகள் சில நொடிகள் எண்ணிவிட்டுத் தாமாகவே அணைந்துவிடும். விமானம் நின்றுவிட்டது, இனி திரை தேவையில்லை என்று கருவி முடிவு செய்கிறது. காற்றில் இருக்கும்போது மின்சாரம் போனால் அது அணையாது, ஓடிக்கொண்டே இருக்கும். தரையில் அந்த எண்ணிக்கை ஓடும்போது ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் திரை பேக்கப்பிலேயே தொடரும்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. எண்ணிக்கை ஓடும்போது பை மாட்டும் அவசரத்தில் கை தவறி பொத்தானில் பட்டுவிடும். திரை பேக்கப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் பேட்டரி அடிமட்டத்தில் கிடக்கும். லித்தியம் பேட்டரியை இப்படி இரண்டு மூன்று முறை அடிவரை இறக்கி, நாள் கணக்கில் அப்படியே விட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். விமானத்தை விட்டு இறங்குமுன் திரை உண்மையாகவே கறுத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு இறங்கும் பழக்கம், இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா அளவீடுகளையும்விடப் பேட்டரிக்கு நல்லது.

இன்னொன்று: பேட்டரியின் முனையில் மீட்டர் வைத்தால் சுழி வோல்ட் காட்டும். செத்துவிட்டது என்று தோன்றும். லித்தியம் பேக்குக்குள் ஒரு பாதுகாப்புச் சர்க்கிட் இருக்கிறது. செல்களின் வோல்ட் எல்லைக்குக் கீழே இறங்கினால் அது வெளிவாசலை மூடிவிடும். டிஸ்ப்ளேயில் மாட்டி முறையாகச் சார்ஜ் கொடுத்தால் சில பேக்குகள் மறுபடி திறக்கும். திறந்தாலும் அதை நம்பிப் பறக்காதீர்கள், நான்காம் படியில் சொல்லும் சோதனையைத் தாண்டிய பிறகுதான் அது பேட்டரி. வெளியிலிருந்து வேறு சார்ஜரை நேரடியாக மாட்டி எழுப்பப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் படி: மூன்று வோல்ட் அளவுகள்

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் வோல்ட் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், லெட்-ஆசிடில் இது இன்னும் அதிகம். பிறகு அளந்து எழுதுங்கள். இது ஓய்வு வோல்ட்.

மூன்று லித்தியம் அயன் செல் கொண்ட பேக்கில் முழுச் சார்ஜ் 12.6 வோல்ட், செல்லுக்கு 4.2. நான்கு செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஓய்வு வோல்ட் 13-ஐ ஒட்டி நிற்கும், சார்ஜ் பாதி இறங்கினாலும் பெரிதாக அசையாது. அதனால் அந்த வகையில் வோல்ட்டை வைத்துச் சார்ஜைச் சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம். 12 வோல்ட் லெட்-ஆசிடில் 12.7 அல்லது 12.8 என்றால் முழுசு, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. 24 வோல்ட் பேட்டரிக்கு இவற்றை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது லோடு வோல்ட். பல்பையோ டிஸ்ப்ளேயையோ மாட்டி ஒரு நிமிடம் கழித்து அளக்க வேண்டும். மாமாவின் பேட்டரியில் ஓய்வு 12.4 வோல்ட் இருந்தது. இரண்டரை ஆம்பியர் இழுத்ததும் 10.9-க்கு விழுந்தது. ஒன்றரை வோல்ட் விழுந்திருக்கிறது, அதை இரண்டரையால் வகுத்தால் 0.6 ஓம். அதே மாதிரிப் புதிய பேக்கில் 12.5 வெறும் 12.1-க்குத்தான் இறங்கியது, அதாவது 0.16 ஓம். இந்த ஓம் கணக்குதான் உள்தடை, பேட்டரி தனக்குள்ளேயே மின்சாரத்துக்குப் போடும் தடை; அது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஓய்வு வோல்ட்டை மட்டும் பார்த்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு வோல்ட்தான்.

74-இல் இருக்கும்போதே ஏன் அணைந்தது என்பதற்கும் இங்கேதான் விடை. மூன்று செல்களில் ஒன்று தளர்ந்துவிட்டால், நல்ல இரண்டும் 3.9 வோல்ட்டில் நிற்கும்போது தளர்ந்தது 2.5-க்கு விழுந்துவிடும். கூட்டினால் 10.3. மொத்தமாகப் பார்த்தால் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் பாதுகாப்புச் சர்க்கிட் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று எல்லையைத் தொட்டதுமே வாசலை மூடிவிடுகிறது. திரையில் ஓடும் கணக்குக்கு அந்த ஒரு செல்லின் நிலை தெரியாது.

மூன்றாவது, சார்ஜ் வோல்ட். அதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: கடிகாரம் வைத்துப் பார்ப்பது

வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். அவசரமில்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள், நடுவில் நிறுத்தினால் அளவு வீணாகிவிடும்.

பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். திரையின் ஒளியை முழுசாகக் கூட்டுங்கள். பகலில் வெயில் அடிக்கும் காக்பிட்டில் ஒளியைக் குறைத்துவிட்டு யாரும் பறப்பதில்லை, சோதனையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஜிபிஎஸ், சென்சார் என்று பேக்கப்பில் ஓடும் எல்லாம் ஓடட்டும். ஹேங்கரின் வெப்பநிலையை எழுதுங்கள். மாஸ்டரை அணையுங்கள், டிஸ்ப்ளே அணையும் எண்ணிக்கையைத் தொடங்கினால் பொத்தானை அழுத்தித் தொடரச் செய்யுங்கள், கடிகாரத்தைத் தட்டிவிடுங்கள். சில டிஸ்ப்ளேகளில் செட்டப் மெனுவிலேயே பேட்டரி சோதனை இருக்கிறது, இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அதுவே நேரத்தையும் குறித்துக்கொள்ளும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரம், திரை காட்டும் வோல்ட், திரை காட்டும் சதவீதம் மூன்றையும் எழுதுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே நோய் தெரியும். நல்ல பேட்டரியில் வோல்ட் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி, நடுவில் நீண்ட நேரம் மெதுவாகச் சரிந்து, கடைசியில் செங்குத்தாக விழும். வயதான பேட்டரியிலும் வடிவம் இதுதான், எல்லாம் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். ஒரு செல் தளர்ந்த பேட்டரியில் நடுவிலேயே ஒரு படி இறங்கும். திடீரென்று விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்குமுன் கனெக்டரை ஆட்டிப் பாருங்கள்.

எத்தனை நிமிடம் வந்தால் போதும்? உங்கள் டிஸ்ப்ளேயின் கையேட்டில் உள்ள எல்லைதான் முதல் விதி. லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கு பொறியாளர்கள் வழக்கமாக வைக்கும் அளவு, குறித்த கொள்ளளவில் 80 சதவீதம். என் சொந்த வழக்கம், புதிதாக வந்தபோது நானே எடுத்த அளவில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே போனால் மாற்றிவிடுவது. இதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறேன், காரணம் பேட்டரியின் கடைசிச் சரிவு சீரானதல்ல. 45 நிமிடம் தந்தது அடுத்த வருடம் 35 தரும் என்று எதிர்பார்க்க முடியாது, மாமாவுடையது போல 11-ம் தரலாம்.

சோதனை முடிந்ததும் அன்றே முழுசாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். காலியான பேட்டரியோடு விமானத்தைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது, லெட்-ஆசிடாக இருந்தால் ஒரு இரவுகூடக் கூடாது.

செஸ்னா 172-இல் பார்ப்பது

ஜி1000 உள்ள 172-இல் பைலட் ஸ்டாண்ட்பை பேட்டரியை அடிவரை இறக்கிப் பார்க்கக் கூடாது. அந்தக் கொள்ளளவுச் சோதனை பராமரிப்பு நிறுவனத்தின் பட்டறையில் நடக்க வேண்டியது. ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் செய்யுமுன் நீங்கள் செய்யும் சிறு சோதனையே நிறையச் சொல்லும், பலர் அதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள்.

ஸ்டாண்ட்பை சுவிட்சை டெஸ்ட் பக்கம் அழுத்தி 10 நொடி பிடிக்க வேண்டும். பச்சை விளக்கு அந்தப் பத்து நொடியும் அணையாமல் இருக்க வேண்டும். இரண்டு நொடி பார்த்துவிட்டுக் கையை எடுத்தால் சோதித்ததாக ஆகாது, தளர்ந்த பேட்டரி முதல் மூன்று நான்கு நொடி தாக்குப்பிடிக்கும். பிறகு சுவிட்சை ஆர்ம் எனும் தயார் நிலையில் வையுங்கள், இடதுபக்கத் திரை எழும். இப்போது மூன்று எண்களைப் படியுங்கள். எசென்ஷியல் பஸ் குறைந்தது 24 வோல்ட். மெயின் பஸ் 1.5 வோல்ட் அல்லது அதற்குக் கீழே. ஸ்டாண்ட்பை பேட்டரியின் ஆம்பியர் மைனஸில், அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகிறது.

மெயின் பஸ் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. மாஸ்டர் இன்னும் போடவில்லை, அந்தப் பஸ்ஸில் மின்சாரமே இருக்கக் கூடாது. அங்கே வோல்ட் தெரிந்தால், ஸ்டாண்ட்பை பேட்டரி தன் சொந்த வேலையைத் தவிர வேறு எதற்கோ மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பறக்கும்போது, எஞ்சினால் சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போனால் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கென்று வைத்த பேட்டரி, அந்தக் கூடுதல் சுமையையும் சுமக்க வேண்டியிருக்கும். அன்று பறக்க வேண்டாம், எழுதிக்கொடுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அதே ஸ்டாண்ட்பை ஆம்பியர் பிளஸ் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை.

ஐந்தாம் படி: சார்ஜ் ஏறவில்லை என்றால்

என் அனுபவத்தில் கோளாறு அதிகம் கிடைக்கும் இடம் இதுதான். மூன்று செல் பேக் நிரம்ப 12.6 வோல்ட் வேண்டும், அதனால் பல டிஸ்ப்ளேகளில் உள்ளே வரும் மின்சாரம் அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் சார்ஜ் நடக்கும். 12 வோல்ட் விமானத்தில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பக்கம் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். ஆனால் அது டிஸ்ப்ளேயின் கனெக்டரில் உள்ள முள்ளில், அதாவது பின்னில் (pin), எவ்வளவாக வந்து சேர்கிறது?

இதை அளக்க எஞ்சினை ஓடவிட்டு மீட்டரோடு காக்பிட்டில் குனியாதீர்கள். புரொப்பெல்லர் சுற்றும்போது மீட்டர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் விமானத்தைச் சுற்றி நடக்கக் கூடாது. அதற்குப் பதில், 14 வோல்ட்டுக்கு வைத்த நல்ல பவர் சப்ளையை விமானத்தின் பஸ்ஸில் இணைத்து, எஞ்சின் நிற்கும்போதே எல்லாவற்றையும் அளக்கலாம். விமானத்தின் மெயின் பேட்டரிக்கு அந்த வோல்ட் ஒத்துக்கொள்ளுமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் ஒரு முனையை பஸ்ஸிலும் மறு முனையை டிஸ்ப்ளேயின் பிளஸ் பின்னிலும் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று நேரடியாகவே காட்டும். டிஸ்ப்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மின்சாரம் பாயாவிட்டால் இழப்பு தெரியாது. 0.2 வோல்ட் வரை கவலைப்பட வேண்டாம். பிறகு கிரவுண்ட் பக்கமும் அதேபோல் அளக்க வேண்டும், டிஸ்ப்ளேயின் மைனஸ் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில். கிரவுண்டை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

ஒரு முறை பஸ்ஸில் 14.1 இருந்தது, டிஸ்ப்ளேயில் 12.3. மூன்று ஆம்பியர் பாய்கிறது, 1.8 வோல்ட் தொலைகிறது. பெருக்கினால் 5.4 வாட், அவ்வளவும் எங்கோ ஓர் இடத்தில் சூடாகிக்கொண்டிருக்க வேண்டும். டிஸ்ப்ளேயை அரை மணி நேரம் ஓடவிட்டு, பேனலுக்கு அடியில் படுத்து, வயர் கட்டில் விரலை மெதுவாக ஓட்டினேன். ஃபியூஸ் பெட்டிக்கு முந்திய ஒரு மோதிர டெர்மினல், அதாவது வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் வளையம், சுட்டது. வெளியே வெள்ளி போலப் பளபளப்பு. வெட்டிப் பிரித்தபோது, செம்பு இழைகள் அழுத்தப்பட்ட இடத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. கடற்காற்று வேலை பார்த்திருக்கிறது. புது டெர்மினல் போட்டதும் டிஸ்ப்ளேயில் 13.9 வந்தது, ஒரு வருடமாக நிரம்பாமல் இருந்த பேட்டரி அன்று மாலைக்குள் நிரம்பியது. அந்த ஒரு வருடத்தில் உரிமையாளர் புதுப் பேட்டரி இரண்டு வாங்கியிருந்தார்.

விர்ஜினியாவைப் போலக் கடலோர நிலையத்தில் நிறுத்தும் விமானங்களில் இந்தப் பச்சைப் பொடியைத்தான் முதலில் தேட வேண்டும். கனெக்டரைக் கழற்றினால் பின்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், ஒன்று உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பூக்கும்.

வயர்கள் சரி, வோல்ட் சரி, இன்னும் சார்ஜ் ஏறவில்லையென்றால் பேட்டரியையும் டிஸ்ப்ளேயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே மாதிரியான வேறொரு விமானத்தில், உரிமையாளர் சம்மதித்தால், உங்கள் பேட்டரியை மாட்டிப் பாருங்கள். அங்கே நிரம்பினால் கோளாறு உங்கள் டிஸ்ப்ளேயின் சார்ஜ் சர்க்கிட்டில். அது நிறுவனத்துக்குப் போக வேண்டியது, ஹேங்கரில் திறக்க வேண்டாம்.

டர்பன் வெயிலும் ஹைவெல்ட் குளிரும்

வெயிலில் நிறுத்திய விமானத்தில், பேனலுக்குப் பின்னால் காற்று அசையாத மூலையில் வெப்பநிலை வெளியே இருப்பதைவிட மிகவும் கூடிவிடும். லெட்-ஆசிடுக்குப் பொறியாளர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஆயுள் பாதியாகும். லித்தியமும் வெப்பத்தில் வேகமாகக் கிழடு தட்டும், முழுச் சார்ஜில் வெப்பத்தில் கிடந்தால் இன்னும் வேகமாக. ஹேங்கர் கிடைக்காதவர்கள் கண்ணாடிக்கு ஒரு நல்ல உறையாவது போடுங்கள்.

ஹைவெல்ட் எனும் மேட்டுநிலத்தில், ஜோகன்னஸ்பர்க் பக்கம், பிரச்சினை வேறு. ரேண்ட் விமான நிலையமும் மிட்ராண்டின் கிராண்ட் சென்ட்ரலும் கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே இருக்கின்றன. ஜூன், ஜூலை விடியற்காலையில் இறக்கையில் உறைபனி படியும். லித்தியம் அயன் பேட்டரியைச் சுழி டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். அது திரும்பச் சரியாகாத சேதம். நல்ல பேக்குகள் குளிரில் சார்ஜை ஏற்க மறுக்கும், அதைப் பார்த்துக் கோளாறு என்று பயப்பட வேண்டாம். காக்பிட் சூடேறிய பிறகு சார்ஜ் தொடங்குகிறதா என்று பாருங்கள். குளிரில் கொள்ளளவும் குறையும். டர்பன் ஹேங்கரில் 28 டிகிரியில் எடுத்த நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு ஜூலை மாதம் விடியலில் மிட்ராண்டிலிருந்து கிளம்பாதீர்கள்.

கேட் மோட்டார் பேட்டரி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு வந்த பிறகு இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கேட் மோட்டாருக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். அதை இரண்டாக அடுக்கி விமானத்தின் பேனலுக்குப் பின்னால் கட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அளவு சரி, வோல்ட் சரி, விலையும் குறைவு. ஆனால் அது அதிர்வுக்குச் செய்ததல்ல, அதைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டை ஒரு கடினமான லேண்டிங்கில் அறுந்தால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ள கட்டி ரட்டர் பெடலின் மேல் விழும். வகைச் சான்றிதழ் பெற்ற விமானத்தில் அது சட்டப்படியும் கூடாது. அதேபோல், பழைய லேப்டாப் செல்களை எடுத்து பேக்கைத் திறந்து மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

உப்பிய பேட்டரி

பேக்கின் பக்கம் உப்பியிருந்தால், இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தால், சும்மா இருக்கும்போதே வெதுவெதுப்பாக இருந்தால், சோதனை எல்லாம் அங்கேயே முடிந்தது. சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, விமானத்திலிருந்து எடுத்து, திறந்த வெளியில் மணல் வாளியில் வையுங்கள். லித்தியம் பேட்டரி எரியத் தொடங்கினால் தன் வெப்பத்தாலேயே பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். 2013 ஜனவரியில் பாஸ்டனில் நின்றுகொண்டிருந்த போயிங் 787-இல் ஒரு பேட்டரி இப்படி எரிந்தது, சில நாளில் ஜப்பானில் இன்னொன்றில் புகை வந்தது, உலகம் முழுவதும் அந்த விமானங்கள் பறக்கவிடாமல் நிறுத்தப்பட்டன. அங்கேயும் ஒரு செல்லில் தொடங்கியதுதான். ஹேலான் வாயு உள்ள தீயணைப்புச் சிலிண்டர் சுடரை அடக்கும், பேட்டரியைக் குளிர்விக்காது. குளிர்விப்பது தண்ணீர்தான், அதுவும் நிறைய.

புதியது வாங்கும்போது

இந்தப் பேட்டரிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரிக்கு யுஎன் 3480 என்று பெயர். 2016 ஏப்ரல் 1 முதல் அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்தில் வந்தாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. ஆகவே வந்து சேர நாளாகும், பேட்டரி பலவீனமாகிவிட்டது என்று தெரிந்ததுமே ஆர்டர் போடுங்கள். வந்ததைப் பெட்டியிலேயே மாதக் கணக்கில் வைக்காதீர்கள், 30 சதவீதத்தில் கிளம்பியது உங்கள் அலமாரியில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பொருத்தியதும் முழுசாகச் சார்ஜ் செய்து, நான்காம் படியை முதல் நாளே செய்யுங்கள். பின்னால் வரும் எல்லா வருடங்களையும் ஒப்பிட அந்த எண்தான் வேண்டும்.

மாமாவின் புதுப் பேட்டரி முதல் சோதனையில் 63 நிமிடம் வந்தது. அந்த எண்ணையும் தேதியையும் வெப்பநிலையையும் லாக்புக்கில் எழுதினார். அப்புறம் ஒரு துண்டு டேப்பில் மறுபடி எழுதி, திரையின் கீழ் விளிம்பில் ஒட்டினார்.

அந்த 63-ஐ எப்படிப் பயன்படுத்துவது என்றும் பேசினோம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சுமார் 500 கிலோமீட்டர், அவருடைய விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நடுவில் மலைச்சரிவு, மேகம் இறங்கினால் வழியிலுள்ள மிட்லேண்ட்ஸ் பகுதி முழுவதும் மூடிக்கொள்ளும். அளந்த நேரத்தில் பாதியை மட்டும் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்தோம், அதாவது அரை மணி நேரம். ஆல்டர்னேட்டர் விளக்கு எரிந்தால் அந்த அரை மணிக்குள் எட்டும் இடம் எது என்று வழி முழுவதும் விமான வரைபடத்தில் குறித்தார், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித் என்று. இரவில் பறப்பவர்கள் இந்தப் பட்டியலில் ஓடுபாதை விளக்கு உள்ள இடங்களை மட்டும் வையுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளை டேப்பால் மூடி, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கையில் கொடுங்கள், லித்தியம் என்று வாயால் சொல்லியே கொடுங்கள். மாமாவுடையதை அப்படித்தான் கொடுத்தோம், மேலே மார்க்கர் பேனாவில் "11 நிமிடம், பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதி.